எடை உட்காரும் இடம்

மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி எஸ் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித்தகடுகளைக் கழற்றினால், கியர்பாக்ஸ் வழக்கமான இடத்தில் இருக்காது. பெரும்பாலான வண்டிகளில் அது எஞ்சினை ஒட்டி, டிரைவரின் காலடிக்குப் பக்கத்தில் தொங்கும். இங்கே முன்னாலிருந்து பின்னால் ஓடும் தடித்த குழாய் ஒன்றுதான் கண்ணில் படும். அதைத் தொடர்ந்து போனால் பின்சக்கரங்களுக்கு நடுவே, டிஃபரன்ஷியலையும் தன் கூட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஏழு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் பெட்டி உட்கார்ந்திருக்கும். எஞ்சினும் முன்னச்சுக்கு மேலே இல்லை. அச்சைத் தாண்டிப் பின்னுக்குத் தள்ளி, கேபின் சுவரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் தொடங்குகிறது. ஐந்நூறு குதிரைத்திறன் இன்று பல வண்டிகளில் கிடைக்கிறது. எடையை எங்கே வைத்தார்கள் என்பதைத்தான் ஓட்டும்போது கையும் முதுகும் உணர்கின்றன.

நான் தொழில் கற்றது நாமக்கல்லில், ஒரு லாரிப் பட்டறையில். அங்கே எனக்கு முதலில் கொடுத்த வேலை புரொப்பெல்லர் ஷாஃப்டில் கிராஸ் மூட்டு மாற்றுவது. லாரியில் அந்தத் தண்டு கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு விசை பல மடங்கு பெருகிய பிறகே அதற்கு வந்து சேரும். மெதுவாகச் சுற்றினாலும் பெரும் விசையைத் தாங்க வேண்டும் என்பதால் கனத்த எஃகுக் குழாயில் செய்வார்கள். துபாய்க்கு வந்து, அல் கூஸில் ஜெர்மன் வண்டிகள் பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்து, பல வருடங்கள் கழித்து ஜிடி எஸ்ஸின் அடியில் நின்றபோது அந்த லாரித் தண்டை வைத்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். இங்கே கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால், நடுவில் ஓடும் தண்டு எஞ்சினின் வேகத்திலேயே சுற்றுகிறது. விசை பெருகுவதற்கு முன்பே அதைக் கடத்துவதால் 650 நியூட்டன் மீட்டரைத் தாங்கினால் போதும். ஆனால் எஞ்சின் 7,000 சுற்றைத் தொட்டால் தண்டும் 7,000 சுற்றியாக வேண்டும். அவ்வளவு நீளமான ஒற்றை எஃகுத் தண்டு அந்த வேகத்தில் நடுவில் வளைந்து அதிரப் பார்க்கும். அதனால் கார்பன் ஃபைபரில் செய்திருக்கிறார்கள். கனம் குறைவு, விறைப்பு அதிகம்; அதிர்வு தொடங்கும் வேகம் எஞ்சின் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

தண்டைச் சுற்றியிருக்கும் குழாயை டார்க் டியூப் என்போம். அதன் வேலை எஞ்சின் கூட்டையும் கியர்பாக்ஸ் கூட்டையும் விறைப்பாகப் பிணைப்பது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முன்னால் எஞ்சின் ஒரு பக்கமும் பின்னால் கியர்பாக்ஸ் மறுபக்கமும் முறுக்கிக்கொள்ள விடாது. மிதித்த மாத்திரத்தில் பின்சக்கரம் பதில் சொல்கிறது என்று ஓட்டுபவர்கள் சொல்கிறார்களே, அதில் இந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு. இந்த அமைப்பு புதிது ஒன்றுமில்லை. 1972-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டாவில் கியர்பாக்ஸ் பின்னால்தான் இருந்தது. 1977-இன் போர்ஷே 928-இலும் அப்படித்தான். செலவு கூடும், பின்னால் சாமான் வைக்கும் இடம் குறையும், வேலை பார்ப்பது சிரமம். இத்தனையும் தெரிந்தே ஒருவர் இதைத் தேர்ந்தெடுத்தால், எடையைப் பற்றி அவருக்கு உறுதியான எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பட்டறைக்கு ராமநாதபுரத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் ஜிடியின் பானெட்டை முதல்முறை திறந்துவிட்டுக் கேட்டான்: "என்னண்ணே, இவ்வளவு நீள மூக்கு, எஞ்சின் இவ்வளவு உள்ள போயிருக்கு?"

"முன்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டுக்க. எஞ்சின் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

குனிந்து பார்த்தான். "உள்பக்கம்ணே."

"அப்ப வளைக்கும்போது முன்டயருக்கு வேலை கூடுமா, கொறையுமா?"

சற்று யோசித்துவிட்டு, "கொறையும்ணே" என்றான்.

ஸ்கேனரைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு மெக்கானிக் இந்தக் கோட்டைப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். கோளாறு எண்ணை ஸ்கேனர் சொல்லிவிடும்; வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது அதில் வராது.

ஜிடியின் எடையில் 47 சதவீதம் முன்னச்சின் மேலும் 53 சதவீதம் பின்னச்சின் மேலும் விழுகிறது. உடல்கூடு பெரும்பாலும் அலுமினியம், அதன் எடை 231 கிலோ. முன்னச்சுக்கும் முன்னால் இருக்கும் பகுதியை அலுமினியத்தைவிட இலேசான மக்னீசியத்தில் செய்திருக்கிறார்கள். அச்சைத் தாண்டி வெளியே இருக்கும் ஒவ்வொரு கிலோவும் திரும்பும்போது மூக்கை இழுக்கும், அதனால்தான். பின்கதவு மட்டும் எஃகு. இதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. இலேசாக்க வேண்டும் என்பதே ஒரே குறிக்கோளாக இருந்தால் அதையும் மாற்றியிருப்பார்கள். எடை எந்த இடத்தில் தொந்தரவு தருகிறது, எந்த இடத்தில் தருவதில்லை என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக யோசித்த வேலையாகத்தான் எனக்கு இது தெரிகிறது.

எஞ்சினின் மேல்மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் ஒரு கையெழுத்து. ஏஎம்ஜியின் அஃபால்டர்பாஹ் ஆலையில் ஒரு வி8 எஞ்சினைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆள் கோக்கிறார். கிராங்க்கை உட்கார்த்துவது முதல் கடைசி போல்ட் வரை அவர் பொறுப்பு. முடித்ததும் தன் பெயரைப் போடுகிறார். விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். அந்தத் தகட்டுக்குக் கீழே வேலை பார்ப்பவனாக நான் அதை அப்படி நினைப்பதில்லை. பெயர் எழுதியவர் விட்ட இடத்தில் என் ஸ்பேனர் தொடங்குகிறது. டார்க் ரெஞ்ச்சின் க்ளிக் சத்தம் கேட்டதும் ஒரு போல்டுக்கு அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் எனக்கு லாரிக் காலத்திலிருந்தே உண்டு. இந்த எஞ்சினில் அதை இன்னும் கண்டிப்பாகச் செய்கிறேன்.

அந்தக் கம்பெனியின் கதை சிறியது. 1967-இல் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெஹ்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்ற இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி ஏஎம்ஜி. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அவர்களுடையவை. மூன்றாவது ஆஃப்ரெஹ்ட் பிறந்த குரோஸாஸ்பாஹ் ஊருடையது. 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் அவர்கள் கொண்டுபோன சிவப்பு நிற 300 எஸ்இஎல், ஒரு பெரிய நான்கு கதவு சொகுசு செடான், இரண்டாவதாக வந்தது. கனமான சொகுசு வண்டிக்குப் பந்தயக் கால்களைக் கொடுப்பது அன்றிலிருந்து அவர்கள் தொழில். ஆனால் ஏஎம்ஜியே தனியாக, சக்கரத்திலிருந்து கூரைவரை உருவாக்கிய முதல் வண்டி 2009-இல் காட்டப்பட்ட எஸ்எல்எஸ். இறக்கைபோல் மேலே திறக்கும் கதவுகள் கொண்டது அது. அடுத்தது 2014 செப்டம்பரில் வந்த ஜிடி. எஸ்எல்எஸ்ஸிலும் கியர்பாக்ஸ் பின்னால்தான், எடைப் பங்கீடும் அதே 47க்கு 53தான். எஞ்சின்தான் வேறு ஜாதி.

எஸ்எல்எஸ்ஸில் டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8, 571 குதிரைத்திறன். காலை எவ்வளவு அழுத்தினோமோ அவ்வளவுதான் கொடுக்கும். சுற்று ஏற ஏற இன்னும் கொடுக்கும். ஜிடி எஸ்ஸில் 4 லிட்டர்தான், துல்லியமாகச் சொன்னால் 3,982 சிசி. இரண்டு டர்போ. 510 குதிரைத்திறன். முழு முறுக்கு விசையும் 1,750 சுற்றிலேயே வந்துவிடும், 4,750 வரை குறையாமல் நிற்கும். எஸ்எல்எஸ்ஸின் எஞ்சினைப் போல ஒன்று இனி வரப்போவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் மலைச் சாலைக்கு எது வேண்டும் என்று கேட்டால் ஜிடிதான் என்பேன். இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் அதில் 50 மில்லிமீட்டர் குறைவு, 2,630தான். அந்த வித்தியாசம் கொண்டையூசி வளைவில் உடனே தெரியும்.

இந்த 4 லிட்டர் எஞ்சினில் டர்போக்கள் இருக்கும் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளைகுடாவில் இந்த வண்டியைப் பராமரிப்பதில் பாதி வேலை அதைச் சுற்றித்தான். சாதாரணமாக ஒரு வி8-இல் காற்று நடுப்பள்ளத்தின் வழியாக உள்ளே போகும், புகை இரண்டு வெளிப்பக்கங்களிலும் வெளியேறும். டர்போக்களும் வெளிப்பக்கம் தொங்கும். இங்கே அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். புகை நடுப்பள்ளத்துக்குள் வருகிறது, டர்போக்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. வால்வை விட்டு வெளியே வந்த சூடான வாயு சில அங்குலம் போனதுமே டர்பைனைத் தொட்டுவிடும். வழியில் சூட்டையும் வேகத்தையும் இழப்பதில்லை. மிதித்ததற்கும் இழுப்பு வருவதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னத் தயக்கம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எஞ்சினின் அகலமும் குறைகிறது. அகலம் குறைந்ததால்தான் அவ்வளவு பின்னால் தள்ளி, இரண்டு பக்கமும் சக்கரங்களைத் தாங்கும் விஷ்போன் கைகளுக்கு இடம் விட்டு, வைக்க முடிந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 1,86,000 சுற்றுவரை போகக்கூடிய இரண்டு டர்போக்களும் சூட்டோடு எஞ்சினின் நெஞ்சுக்குள் இருக்கின்றன. டர்போவின் தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. கடுமையாக ஓட்டிவந்து சட்டென்று எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். வண்டியை அணைத்த பிறகும் மின்பம்பு குளிர்நீரைச் சுற்றவிடுவதும், முன்னால் ஃபேன் இரைந்துகொண்டிருப்பதும் அதற்காகத்தான். "வண்டியப் பூட்டிட்டேன், ஃபேன் இன்னும் ஓடுதே, பேட்டரி போயிடாதா?" என்று வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். அது தன் வேலையை முடித்துவிட்டுத் தானே நின்றுவிடும், பயப்படாதீர்கள் என்பேன். கூடவே ஒன்று சொல்வேன்: வீட்டுக்கு வரும் கடைசி சில நிமிடங்கள் காலைத் தூக்கி மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். இதற்கு ஈடாக எந்த விலையுயர்ந்த ஆயிலும் பயன்தராது.

காலையில் கிளம்பும்போதும் அதே பொறுமை தேவை. துபாயில் வெளியே 45 டிகிரி இருக்கிறது, எஞ்சின் ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆயிலுக்கு 45 டிகிரி குளிர்தான். அது தன் சரியான இளக்கத்துக்கு வர 80 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தண்ணீர் சூடு காட்டும் முள்ளைவிட ஆயில் முள் எப்போதும் தாமதமாகத்தான் ஏறும். பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் ஆயில் அதைவிடத் தாமதம். ஆயில் முள் எழும்பாத வண்டியை நாங்கள் யாரும் 3,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோக மாட்டோம்.

மணல் இன்னொரு விஷயம். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இந்த எஞ்சின் தண்ணீரால் குளிர்விக்கிறது. அந்தத் தண்ணீருக்கென்று தனிச் சுற்று, தனி பம்பு, முன்னால் தனி ரேடியேட்டர். இங்கே சில வருடங்கள் ஓடிய வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே நுண்மணலும் பூச்சிச் சிறகுகளும் பாய்போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். உள்ளே போகும் காற்று அதிகச் சூடாக இருப்பதை உணர்ந்ததும் எஞ்சின் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விசையைக் குறைத்துவிடும். எந்த விளக்கும் எரியாது, எந்தக் கோளாறு எண்ணும் பதியாது. "வெயில்ல வண்டி சோம்பலா இருக்கு" என்பார் வாடிக்கையாளர். ரேடியேட்டர்களைப் பிரித்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவினால் வண்டி பழையபடி வந்துவிடும். கார் கழுவும் துப்பாக்கியை நேராக வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்ததும் போய்விடும். நிதானமாகச் செய்ய வேண்டிய இந்த வேலையை எப்போதும் நானே செய்கிறேன்.

ஆயில் அளவு பார்ப்பதும் இதில் வேறு மாதிரி. இது ட்ரை சம்ப் எஞ்சின். நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சாதாரண ஆயில் சம்பில், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சிவிடும். அந்த ஒரு நொடியில் பேரிங் போய்விடலாம். ட்ரை சம்பில் கீழே விழும் ஆயிலை ஒரு பம்பு உடனுக்குடன் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிவிடும். இன்னொரு பம்பு தொட்டியிலிருந்து அழுத்தத்தோடு எடுத்துக் கொடுக்கும். அடியில் ஆழமான சம்ப் தேவையில்லை என்பதால் எஞ்சினை ஏறத்தாழ 55 மில்லிமீட்டர் கீழே இறக்கி வைக்க முடிந்திருக்கிறது. வி8-இன் எடை அவ்வளவு கீழே போனால் வண்டி சாய்வது எவ்வளவு குறையும் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். ஆனால் இரவெல்லாம் நின்ற எஞ்சினில் தொட்டியின் ஆயில் எங்கெங்கோ வடிந்திருக்கும். அந்த நிலையில் அளவைப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றக் கூடாது. ஓட்டி, நன்றாகச் சூடேற்றிய பிறகு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி ஓட்டுவதற்கு வருகிறேன். எங்கள் தொழிலில் வேலை முடிந்ததும் ட்ரையல் போக வேண்டும். பெரும்பாலும் அது அல் கூஸைச் சுற்றி ஒரு சின்ன ஓட்டமாக முடிந்துவிடும். முன்பகுதி நீண்டு தாழ்ந்திருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் குறுக்காக ஏறி இறங்க வேண்டும். சஸ்பென்ஷன் விறைப்பு, சக்கரத்தில் தெறிக்கும் பொடிக்கல் சத்தம் கேபினுக்குள் கேட்கும். சொகுசு வண்டி என்று சொல்லி வாங்கியவர்கள் இதனால் ஏமாந்ததாக நினைப்பது உண்டு. தோல், தையல், ஒலிபெருக்கி என எல்லாம் சொகுசாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் வைத்து, அவற்றை அலுமினியத்தில் அடித்துச் செய்தவர்கள் அவர்களுக்கு மெத்தை விற்கவில்லை.

ஒரு வாடிக்கையாளர் முன்பக்கம் மிதப்பதுபோல் இருக்கிறது என்றார். நகரத்துக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்லும் வேகமும் வளைவும் வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும். ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜைஸ் மலைச் சாலை இருக்கிறது. ஐக்கிய அமீரகத்திலேயே உயரமான மலை அது. அகலமான, வழுவழுப்பான தார்ச்சாலை. ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. விடியற்காலையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏறினேன்.

அங்கேதான் இந்த வண்டியின் குணம் முழுதாக வெளிப்படுகிறது. ஓட்டுபவரின் இடுப்பு கிட்டத்தட்ட பின்னச்சின் மேலேயே இருக்கிறது. நீண்ட பானெட் கண்முன்னே விரிந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் தூரத்தில் மூக்கு நகரும், அதன் பிறகு நாம் நகர்வோம். நடு எஞ்சின் வண்டிகளில் இந்த வரிசை இருக்காது. அங்கே எல்லாம் நம்மைச் சுற்றி ஒரே நேரத்தில் திரும்பும். ஜிடியில் ஒரு பெரிய எடை முன்னச்சுக்குச் சற்று உள்ளே, இன்னொன்று பின்னச்சின் மேல். காவடித் தண்டின் இரு முனையிலும் சுமை கட்டியவர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள்: திரும்பத் தொடங்க ஒரு கணம் எடுக்கும், தொடங்கிவிட்டால் நிறுத்தவும் ஒரு கணம் எடுக்கும். வேகமான ஸ்டியரிங் அந்த முதல் கணத்தை மறைத்துவிடுகிறது. இரண்டாவதை மறைக்க முடியாது. பின்பக்கம் நழுவத் தொடங்கினால் அது தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நழுவல் தொடங்கும் முன்னரே இருக்கையின் வழியாக முதுகுக்குச் செய்தி வந்துவிடும், ஏனென்றால் நாம் உட்கார்ந்திருப்பதே அந்த அச்சின் மேல்தான். அந்தச் செய்தியைக் கேட்பவருக்கு இந்த வண்டி நல்ல துணை. அதைக் கேட்காமல் காலை அழுத்துபவர் இதை ஓட்ட வேண்டாம்.

வளைவிலிருந்து வெளியேறும் இடம் இன்னும் நன்றாக இருக்கும். 53 சதவீதம் பின்னால் இருப்பதால் மிதிக்கும்போது பின்டயர் சாலையில் அழுந்துகிறது. ஜிடி எஸ்ஸில் டிஃபரன்ஷியல் பூட்டை மின்னணு கட்டுப்படுத்துகிறது. வளைவுக்குள் நுழையும்போது தளர்த்தி விடுகிறது. வெளியேறும்போது இரண்டு பின்சக்கரத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. டைனமிக் பிளஸ் என்ற பேக்கேஜ் வாங்கிய வண்டிகளில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் மவுண்டுகளுக்குள் இரும்புத் துகள் கலந்த திரவம் இருக்கும். காந்தப் புலம் கொடுத்தால் அது நொடியின் சிறு பகுதியில் இறுகிவிடும். நகரத்தில் மென்மையாக இருந்து அதிர்வை விழுங்கும். மலையில் இறுகி, எஞ்சின் தன் இடத்தில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சின் ஒவ்வொரு வளைவிலும் ரப்பரின் மேல் சற்று அசைந்து, பிறகு வந்து அமர்வது சாதாரண வண்டிகளில் நாம் பழகிப்போன விஷயம். அது இல்லாதபோதுதான் இத்தனை நாள் அது இருந்தது தெரிகிறது.

மிதப்புக்குக் காரணம் மேலே போய்ச் சேர்வதற்குள்ளேயே புரிந்துவிட்டது. முன்டயர்கள். ட்ரெட் ஆழம் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படித்தால் செய்த வாரமும் வருடமும் தெரியும். அந்த டயர்கள் தயாராகிப் பல கோடைகள் கடந்திருந்தன. அதிகம் ஓடாத வண்டி என்று அவர் பெருமைப்பட்டார். ஓடாமல் வெயிலில் நின்ற ரப்பர்தான் சீக்கிரம் இறுகும். எடை கொஞ்சம் குறைந்திருக்கும் முன்னச்சில், இறுகிய டயர் சாலையைக் கவ்வாமல் மேலே வழுக்கிப் போகும். முன்னால் 265, பின்னால் 295 அகலத்தில் புது டயர் போட்டு, கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்களையும் சரி செய்து கொடுத்ததும் மூக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு நுட்பமாக எடையைப் பங்கிட்ட வண்டியின் கடைசிச் சொல் உள்ளங்கை அளவு ரப்பரிடம் இருக்கிறது. அதில் சிக்கனம் பார்ப்பவரிடம் நான் வாதாடத் தயங்குவதில்லை.

இறங்கும்போது பிரேக்கைப் பற்றிப் பேசினோம். அவருடையது பீங்கான் கலவை டிஸ்க், முன்னால் 402 மில்லிமீட்டர். சூட்டுக்கு அசராது, எடையும் குறைவு. ஆனால் சக்கரத்தை மாட்டும்போது ரிம் டிஸ்க்கின் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும், அந்த ஒரு டிஸ்க்கின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஹப்பில் நீளமான பின் ஒன்றைத் திருகி, அதன் மேல் சக்கரத்தை நேராக வழுக்கித்தான் ஏற்ற வேண்டும். சாலையோர டயர் கடையில் இந்த வண்டியை விடாதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

2016-இல் வந்த ஜிடி ஆர் வேறொரு மனநிலை. 585 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர். டார்க் டியூபையே கார்பன் ஃபைபரில் செய்துவிட்டார்கள். பின்சக்கரங்களும் திரும்பும். 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் 1.5 டிகிரி வரை திரும்பி வண்டியைக் குட்டையாக்குகின்றன; அதற்கு மேலே அதே திசையில் அரை டிகிரி வரை திரும்பி நீளமாக்குகின்றன. டாஷ்போர்டின் நடுவில் மஞ்சள் திருகு ஒன்று, ஒன்பது நிலைகள், பின்சக்கரம் எவ்வளவு சுழன்றுகொள்ளலாம் என்பதை ஓட்டுபவரே முடிவு செய்ய. என் கண்ணுக்கு மிகப் பிடித்தது அடியில் இருக்கிறது: எஞ்சினுக்கு முன்னால் ஒரு கார்பன் தட்டு, ரேஸ் நிலையில் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் கீழே இறங்கி, வண்டிக்கு அடியில் ஓடும் காற்றை வேகப்படுத்தி முன்பகுதியைச் சாலையோடு இழுக்கிறது. 47 சதவீதம் மட்டுமே முன்னால் வைத்தவர்களின் கவலை அந்தத் தட்டில் தெரிகிறது. எடையாகக் கொடுக்க விரும்பாததைக் காற்றால் கொடுக்கிறார்கள். 2020-இல் வந்த பிளாக் சீரிஸ் இதே வழியின் எல்லை: 730 குதிரைத்திறன், கிராங்க்கின் வடிவத்தையே மாற்றிய எஞ்சின்.

அதற்குப் பிறகு அந்த வழி முடிந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் காட்டிய இரண்டாம் தலைமுறை ஜிடியில் கியர்பாக்ஸ் மறுபடி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பது கியர், நான்கு சக்கர இழுப்பு, வேண்டுமென்றால் பின்னால் இரண்டு சின்ன இருக்கைகள். 585 குதிரைத்திறன் கொண்ட ஜிடி 63 நிற்கும் நிலையிலிருந்து 100-ஐ 3.2 நொடியில் தொடுகிறது. பழைய ஜிடி எஸ்ஸுக்கு 3.8 ஆனது. ஆனால் எடை 1,970 கிலோ. ஜிடி எஸ் அதைவிட மிக இலேசு. இந்தக் கூடுதல் எடையை மறைக்க அவர்கள் செய்திருக்கும் வேலையை நான் மதிக்கிறேன். சாய்வுத் தடுப்புக் கம்பிகளையே எடுத்துவிட்டு, நான்கு டேம்பர்களையும் ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்து, சாய்வை அழுத்தத்தால் எதிர்க்கிறார்கள். வருடத்தில் சில நாட்கள் பெய்யும் துபாய் மழையில், தூசியும் எண்ணெயும் கலந்து சாலை சோப்பாகும்போது, எந்தச் சந்தேகமும் இல்லாமல் புதியதைத்தான் எடுப்பேன். பின்சக்கரத்தில் மட்டும் 650 நியூட்டன் மீட்டரைக் கொடுக்கும் வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்கவே கூடாது.

சென்ற வருடம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் எதை வாங்கலாம் என்று கேட்டு வந்தார். பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தினமும் அபுதாபி போய்வர வேண்டுமா? அதற்கு வேறு வண்டி இருக்கிறது. அப்படியானால் ஒரே மலைச் சாலையில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், வேகமாக ஓட்ட வேண்டாம், பாதி வேகத்திலேயே ஓட்டுங்கள் என்றேன். பாதி வேகத்தில் புதியது பெரிய சொகுசு வண்டியாக இருக்கும், பழையது அப்போதும் ஸ்போர்ட்ஸ் காராகவே இருக்கும். அவர் சிலநாள் தேடி ஒரு 2016 ஜிடி எஸ்ஸைக் கண்டுபிடித்து, வாங்குவதற்கு முன் பரிசோதிக்க எங்களிடம் கொண்டுவந்தார். கியர்பாக்ஸ் ஆயிலில் உலோகத் துகள் இல்லை, அடித்தகடுகளில் இடித்த தடமில்லை, முன் ரேடியேட்டர் நிறைய மணல், நான்கு டயர்களும் வயதானவை. வாங்கலாம், ஆனால் டயர்களுக்கும் ரேடியேட்டர் வேலைக்கும் ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள் என்று எழுதிக்கொடுத்தேன்.